புரிந்ததா என்று கேட்காதீர்கள்: ஞாயிறு பள்ளியில் புதிதாகக் கற்பிக்க வருவோருக்கு

ஞாயிறு பள்ளியில் புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்தப் பாடப்புத்தகம் நல்லது?" என்பதுதான். புத்தகம் எதுவானாலும் சமாளித்துவிடலாம். அதற்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இதை எதற்காகக் கற்கவேண்டும்?

சிங்கப்பூரில் பத்து வயதுப் பிள்ளையிடம் எதற்காகப் படிக்கிறாய் என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும்: தேர்வுக்கு. வார நாள்களில் பள்ளி, மாலையில் இணைப்பாட நடவடிக்கை, சனிக்கிழமை துணைப்பாடம், தொடக்கநிலை ஆறில் வரப்போகும் தேர்வைப் பற்றி வீட்டில் ஓயாத பேச்சு. ஞாயிறு காலையில் நம் வகுப்புக்குள் நுழையும்போதும் அந்தப் பிள்ளை அதே மனத்தோடுதான் நுழைகிறது. நாமும் மனப்பாட வசனத்துக்கு மதிப்பெண், வருகைக்கு நட்சத்திரம், ஆண்டு இறுதியில் வேதாகமத் தேர்வு என்று வைத்தால் வேதமும் இன்னொரு பாடமாகிவிடும். தேர்வு முடிந்த மறுநாளே அது மறந்துபோகும்.

எபேசு சபையில் சிலர் முடிவில்லாத வம்சவரலாறுகளைக் குறித்துத் தர்க்கம் செய்துகொண்டிருந்தபோது, பவுல் தீமோத்தேயுவுக்கு இப்படி எழுதினார்: "கற்பனையின் பொருள் என்னவெனில், சுத்தமான இருதயத்திலும் நல்மனச்சாட்சியிலும் மாயமற்ற விசுவாசத்திலும் பிறக்கும் அன்பே" (1 தீமோத்தேயு 1:5). கற்பனை என்றால் இங்கே கட்டளை. கற்பதும் கற்பிப்பதும் அந்த அன்புக்காகத்தான். சரி, அன்பை எப்படிக் கற்பிப்பது? பிள்ளை கற்றுக்கொண்டதா என்று எதைக் கொண்டு அறிவது?

நான் தாதி. சர்க்கரை நோயாளி ஒருவரை வீட்டுக்கு அனுப்புமுன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டால் நோயாளி கட்டாயம் தலையாட்டுவார். நம் மனம் நோகக்கூடாது என்று ஆட்டுவார். சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும் என்றும் ஆட்டுவார். அதனால் நாங்கள் அப்படிக் கேட்பதில்லை. ஊசியை அவர் கையிலேயே கொடுத்து, எங்கள் கண்முன்னே போட்டுக் காட்டச் சொல்கிறோம். எதற்காகப் போடுகிறோம், எப்போது போடக்கூடாது என்பதை அவருடைய சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்கிறோம். அவர் கை பழகும்வரை எங்கள் வேலை முடிவதில்லை. விசுவாசத்தைக் கற்பிப்பதும் இப்படித்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

முதலில் நீங்கள்

பாடத்தைச் சனிக்கிழமை இரவு எடுத்துப் பார்க்காதீர்கள். திங்கட்கிழமையே அந்த வேதபகுதியை வாய்விட்டு வாசியுங்கள். வேலைக்குப் போகும் ரயிலில் மறுபடியும் மனத்துக்குள் வாசியுங்கள். உங்களுக்கு விளங்காத ஒரு கேள்வியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அந்தப் பகுதி உங்களைச் செய்யச் சொல்லும் ஒரு காரியத்தை வெள்ளிக்கிழமைக்குள் செய்துவிடுங்கள். எஸ்றாவைப் பற்றி வேதம் சொல்லும் வரிசையைப் பாருங்கள்: வேதத்தை ஆராயவும், அதன்படி செய்யவும், உபதேசிக்கவும் அவர் தம் இருதயத்தைப் பக்குவப்படுத்தியிருந்தார் (எஸ்றா 7:10). நடுவில் இருக்கும் "செய்யவும்" என்பதைத் தாண்டிக் குதிக்கிற ஆசிரியரைப் பிள்ளைகள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். மன்னிப்பைப் பற்றிப் பாடம் நடத்தப்போகிறீர்களா? முதலில் பேசாமல் ஒதுக்கி வைத்திருக்கும் உறவினரைத் தொலைபேசியில் அழையுங்கள்.

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, தமிழ்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் படித்தார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்ததற்குப் பின்னால் அந்த மணல் பாடம் இருக்கிறது. நம் வகுப்பிலும் ஆசிரியர் கற்றுக்கொண்டே இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். "இந்த வாரம் நான் கற்றுக்கொண்டது இது" என்று ஒரு வரி சொல்லி வகுப்பைத் தொடங்குங்கள்.

ஒரு பாடத்தை எடுத்துப் பார்ப்போம்

எடுத்துக்காட்டாக, லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் உவமையை எடுத்துக்கொள்வோம். கள்ளர் அடித்துக் குற்றுயிராக விட்டுப்போன ஒருவரை, ஆலயப் பணி செய்யும் ஆசாரியனும் லேவியனும் கண்டு விலகிப்போக, சமாரியன் ஒருவர் நின்று காப்பாற்றுகிறார். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அதனாலேயே கற்பிக்கக் கடினமானது. "நல்ல சமாரியன்" என்று சொன்னவுடன், "நாம் எல்லாருக்கும் உதவவேண்டும்" என்று கோரஸாகப் பதில் வந்துவிடும். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு திருப்தியடையாதீர்கள்.

கதையைக் கள்ளரிடமிருந்து தொடங்காமல், 25ஆம் வசனத்திலிருந்து, கேள்வி கேட்ட நியாயசாஸ்திரியிடமிருந்து தொடங்குங்கள். அவர் படித்தவர். நித்திய ஜீவனைச் சுதந்தரிக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். நியாயப்பிரமாணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இயேசு திருப்பிக் கேட்டதும், தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு என்று துல்லியமாகச் சொல்லிவிடுகிறார். நம் பிள்ளைகளின் மொழியில் சொன்னால், நூற்றுக்கு நூறு. அப்போது இயேசு சொல்வது, "அப்படியே செய், அப்பொழுது பிழைப்பாய்." தேர்வுகளோடு வளரும் பிள்ளைகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். முழு மதிப்பெண் வாங்கியவருக்கு இன்னும் என்ன பாக்கி என்பது அவர்களுக்கு உண்மையான கேள்வி. அதை அவர்களிடமே விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மௌனமாக இருங்கள்.

பிறகு பாதைக்கு வாருங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சுமார் 27 கிலோமீட்டர். உட்லண்ட்ஸிலிருந்து நகரின் தென்முனைவரை ஏறத்தாழ அவ்வளவு தூரம். ஆனால் அந்தத் தூரத்துக்குள் சாலை 1,000 மீட்டருக்கும் மேல் கீழே இறங்குகிறது. நம் புக்கிட் தீமா குன்றின் உயரமோ 163 மீட்டர்தான். ஆறு குன்றுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதிலிருந்து இறங்குவதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுற்றிலும் மரமில்லாத பாறை மலைகள், ஒளிந்துகொள்ள வளைவுகள். பாதையை உணர்ந்தபின்தான், நின்றால் தனக்கும் ஆபத்து என்று ஆசாரியனும் லேவியனும் அஞ்சியிருக்கலாம் என்பது பிள்ளைகளுக்குத் தோன்றும். அவர்களை வில்லன்களாக்கிவிட்டால் பாடம் கெட்டுப்போகும். நாமும் விலகிப் போயிருப்போமா என்ற கேள்வி எழாமலேயே போய்விடும்.

அடுத்து சமாரியன். யூதர்களும் சமாரியரும் சம்பந்தங்கலவாதவர்கள் என்று யோவான் 4ஆம் அதிகாரம் சொல்கிறது. தொழுகைக்குச் சமாரியருக்கு வேறு மலை இருந்தது. அப்படிப்பட்டவரைத்தான் இயேசு எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். நம் பிள்ளைகள் பள்ளியில் மலாய், சீனப் பிள்ளைகளோடும் இந்துத் தமிழ்ப் பிள்ளைகளோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். "உன் பள்ளியில் நம் விசுவாசத்தைச் சேராத ஒருவர் உனக்குச் செய்த நன்மை ஒன்றைச் சொல்" என்று கேளுங்கள். பதில்கள் பொங்கி வரும். பிறருடைய வழிபாட்டைக் கேலி செய்தோ அரைகுறையாகத் தெரிந்துகொண்டோ வகுப்பில் பேசாதீர்கள். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை இதற்கும் பொருந்தும்.

சமாரியன் செய்தவற்றை ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். கிட்ட வந்தார், காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தார், கட்டினார், தம் வாகனத்தில் ஏற்றினார், சத்திரத்துக்குக் கொண்டுபோனார், பராமரித்தார், மறுநாள் இரண்டு பணம் கொடுத்தார், அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றார். காயம் கட்டிப் பழகிய எனக்கு இந்தப் பட்டியலைப் பார்த்தால் நெஞ்சு நிறைந்துவிடும். திராட்சரசம் புண்ணைச் சுத்தம் செய்யும், எண்ணெய் எரிச்சலைத் தணிக்கும், துணி இரத்தத்தை நிறுத்தும். எல்லாம் அவர் பயணத்துக்கென்று எடுத்துவந்த சொந்தப் பொருள்கள். "மனதுருகி" என்று லூக்கா எழுதிய அந்த உருக்கம் எத்தனை வேலைகளாக மாறியிருக்கிறது என்று பிள்ளைகளே எண்ணட்டும்.

ஒருமுறை இந்த இடத்தில் ஒரு சிறுமி கை உயர்த்தினாள். "ஆன்ட்டி, தெரியாதவர்களிடம் போகக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்களே?" மிக நல்ல கேள்வி. இதுபோன்ற கேள்வி வந்தால் பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். அம்மா சொல்வது சரி என்று முதலில் சொன்னேன். பிறகு எல்லாருமாக யோசித்தோம். தெரியாத ஒருவர் புளோக்கின் கீழே விழுந்து கிடந்தால் பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யலாம்? அருகே போகாமலே 995ஐ அழைக்கலாம். புளோக் எண்ணைத் தெளிவாகச் சொல்லலாம். பெரியவர் ஒருவரைக் கூட்டி வரலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை கண்ணில் படும் தூரத்தில் பெரியவரோடு நிற்கலாம். சமாரியனும் எல்லாவற்றையும் தனியாகச் செய்யவில்லை, சத்திரக்காரரிடம் ஒப்படைத்தார் என்று ஒரு பையன் கண்டுபிடித்துச் சொன்னான். அன்று பிள்ளைகள் ஒருவரையொருவர் நோயாளியாகவும் அழைப்பவராகவும் வைத்து நடித்துப் பார்த்தார்கள். ஊசியைக் கையில் கொடுப்பது என்று நான் சொன்னது இதைத்தான்.

கடைசியாக, "நீயும் போய் அந்தப்படியே செய்." வகுப்பு முடியும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெயரையும் ஒரு நாளையும் ஒரு செயலையும் தாளில் எழுதட்டும். "எல்லாருக்கும் உதவுவேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "புதன்கிழமை, எதிர்வீட்டுச் சீனப் பாட்டி ஆ-மாவின் மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்வரை போவேன்" என்று எழுதினால் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு கணக்குக் கேட்கவேண்டாம். என்ன நடந்தது என்று கதையாகக் கேளுங்கள். செய்யாத பிள்ளையிடம், எது தடுத்தது என்று அன்பாக விசாரியுங்கள். ஆசாரியனைத் தடுத்தது எது என்பது அப்போது அந்தப் பிள்ளைக்கு விளங்கும்.

மனப்பாடம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். நட்சத்திர அட்டையைத்தான் கழற்றவேண்டும், வசனத்தை அல்ல. மகளின் பெயரையே மறந்துவிட்ட ஒரு மூதாட்டியை நான் பராமரித்திருக்கிறேன். இரவில் பயந்து அழுவார். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று நான் தொடங்கினால், "நான் தாழ்ச்சியடையேன்" என்று தெளிவாகத் தொடர்ந்து 23ஆம் சங்கீதம் முழுவதையும் சொல்லிவிட்டு உறங்கிப்போவார். யாரோ ஒரு ஆசிரியர், அவருக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது கற்றுக்கொடுத்திருப்பார். எதற்காக மனப்பாடம் செய்கிறோம் என்று பிள்ளைகள் கேட்டால் இப்படி ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரு பகுதி போதும். வாரத்துக்கு ஒரு வசனம் என்று உதிரியாகக் கொடுப்பதைவிட, ஒரு சங்கீதத்தை முழுமையாகக் கொடுங்கள். அதை எப்போது, யாரோடு சொல்லலாம் என்பதையும் சேர்த்தே கொடுங்கள்.

தமிழா, ஆங்கிலமா?

பெற்றோர் பலர் பிள்ளைக்குத் தமிழ் வரவேண்டும் என்பதற்காகவே தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அந்த ஆசையை மதிக்கிறேன். ஆனாலும், பிள்ளை தடுமாறித் தடுமாறி ஒரு வசனத்தை வாசிக்கும்போது உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தால் வசனம் போய்விடும். கேள்வியையும் சந்தேகத்தையும் ஆங்கிலத்தில் சொன்னாலும் காது கொடுங்கள். ஜெபத்தையும் சங்கீதத்தையும் மட்டும் தமிழில் பழக்குங்கள். காரணம், வீட்டில் பாட்டி இருக்கிறார். அவரோடு சேர்ந்து ஜெபிக்க அந்தப் பிள்ளைக்கு மொழி வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்குக் கற்பிக்கும்போது

ஞாயிறு பிற்பகலில் எங்கள் வேதபாடக் குழுவுக்குக் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தம்பிகள் வருகிறார்கள். வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது. தேக்காவில் சாமான் வாங்கவேண்டும், ஊருக்குப் பணம் அனுப்பவேண்டும், பிள்ளையோடு வீடியோவில் பேசவேண்டும். அதற்கு நடுவில் நம்மிடம் வருகிறார்கள். முதலில் தேநீர் கொடுங்கள், பிறகு பாடம். சுமார் 400ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத்து உதவிக்குரு ஒருவர், புதியவர்களுக்குக் கற்பிக்கும்போது தன் பேச்சு தனக்கே சலிப்பாக இருக்கிறது என்று ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்டீனுக்கு எழுதினார். அகஸ்டீன் நீண்ட பதில் எழுதினார். கேட்பவர் களைத்துப்போனால் உட்கார நாற்காலி கொடுங்கள் என்பதும் அதில் ஓர் ஆலோசனை. கேட்பவர் கேட்டு விசுவாசிக்கவும், விசுவாசித்து நம்பிக்கை கொள்ளவும், நம்பிக்கை கொண்டு அன்புகூரவும் தக்கதாகப் பேசுங்கள் என்றும் அதில் எழுதினார். நாற்காலியும் அன்பும் ஒரே கடிதத்தில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இவர்களிடம் கேள்வி கேளுங்கள், பேச விடுங்கள். அதே சமாரியன் பகுதியை வாசித்தபோது, இரண்டு பணம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். திராட்சத்தோட்டத்துக் கூலிக்காரருக்கு நாளுக்கு ஒரு பணம் பேசினதாக மத்தேயு 20இல் இருக்கிறதே என்று ஒரு தம்பி பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "அப்படியென்றால் இரண்டு நாள் சம்பளம், அக்கா. அதற்குமேல் எவ்வளவு ஆனாலும் தருகிறேன் என்கிறார். சத்திரக்காரருக்கு இவரை முன்பே தெரிந்திருக்கவேண்டும், இல்லையென்றால் கடன் கொடுக்கமாட்டார்." கூலியும் கடனும் தெரிந்தவர் வாசிக்கும்போது வேதம் எவ்வளவு கூர்மையாகத் திறக்கிறது! அந்த அறையில் கற்றுக்கொண்டவள் நான்தான்.

வீட்டுக்கு அனுப்பவேண்டியது

வகுப்பு வாரத்தில் ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பேசச் சொல்கிறது உபாகமம் 6:7. திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் நூலின் பகுதிகள், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்கவேண்டிய விதம் என்றே தொடங்குகின்றன. ஆனால் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வரும் பெற்றோரிடம் பயிற்சித்தாளை நீட்டினால் அதுவும் ஒரு வீட்டுப்பாடம். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு கேள்வியை அனுப்புங்கள், அதுவும் ரயிலிலோ லிஃப்டுக்காகக் காத்திருக்கும்போதோ பேசக்கூடியதாக. "இன்று உன்னிடம் யார் அன்பாக நடந்துகொண்டார்கள்?" இது போதும். பெற்றோருக்குப் பதில் தெரிந்திருக்கவேண்டிய கேள்வியை அனுப்பாதீர்கள். கூச்சப்பட்டுப் பேசாமல் விட்டுவிடுவார்கள்.

வகுப்பைக் கைமாற்றுங்கள்

நீங்கள் வந்த முதல் ஆண்டிலேயே உங்களுக்குப் பின் யார் என்று பார்க்கத் தொடங்குங்கள். மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ள மனுஷரிடத்தில் ஒப்புவி என்று பவுல் எழுதியதும் (2 தீமோத்தேயு 2:2) கற்பித்தலின் நோக்கத்தில் சேர்ந்ததுதான். உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு பெண்ணுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். பாதையின் கதையை மட்டும் அவள் சொல்லட்டும். வாரத்தின் நடுவில் அவளோடு உட்கார்ந்து அந்தப் பகுதியை வாசியுங்கள். அன்று நீங்கள் பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்காருங்கள். தவறாக ஏதாவது சொன்னால் எல்லார் முன்னிலையிலும் திருத்தாதீர்கள். அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவராக இருந்தும் யோவானுடைய ஸ்நானத்தை மட்டும் அறிந்திருந்தார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு அதிகத் திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள் (அப்போஸ்தலர் 18:26). நீங்களும் ஆராதனைக்குப்பின் அவளை உணவங்காடி நிலையத்துக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்லுங்கள், திருத்தவேண்டிய ஒன்றைப் பிறகு சொல்லுங்கள். ஒன்றுக்குமேல் வேண்டாம். அடுத்த மாதம் அவளுக்கு இருபது நிமிடம் கொடுங்கள்.